கொஞ்சாத கை

எக்ஸ்ரே அறையில் ஈய அங்கி தொங்கும் ஆணிக்குக் கீழே நின்றுகொண்டு, மேனேஜர் நேற்று கையில் திணித்த தாளை மறுபடியும் படித்தாள் பிடியக்கா. மொத்தம் ஆறே வரி. ஆறில் நாலு பொய். ஒன்று மெய்தான், ஆனால் பொய்யைவிட மோசம். மிச்சமிருந்தது ஒரு வணக்கம். இன்னும் பதினேழு நிமிடத்தில் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, இந்த ஆறு வரியையும் சிரித்த முகத்தோடு ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் வேலை. இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு.

'வணக்கம். சிறு வயதிலிருந்தே எனக்கு விலங்குகள் என்றால் உயிர். விலங்குகளை நேசிக்கும் குடும்பத்தில் பிறந்தேன். என் தந்தை நகராட்சி ஊழியர். ஓய்வு நேரத்தில் புத்தகம் வாசிப்பதும் இசை கேட்பதும் என் பொழுதுபோக்கு. உங்கள் செல்லம் இனி என் செல்லம்!' அச்சடித்த ஆச்சரியக்குறி போதாதென்று மேனேஜர் பேனாவால் இன்னொன்று போட்டுவைத்திருந்தாள்.

இந்த மேனேஜர் வந்து மூன்று மாதம் ஆகிறது. பெரிய டாக்டர் இருபத்தெட்டு வருடம் நடத்திய கால்நடை ஆஸ்பத்திரியை ஒரு கம்பெனி வாங்கியது. வாங்கிய மறுநாளே பெயர்ப்பலகை மாறியது, சுவர் இளநீலம் ஆனது, காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சுக்குப் பதில் உட்கார்ந்தால் எழ முடியாத சோபா வந்தது. மேனேஜரும் வந்தாள். முப்பது வயதிருக்கும். கெட்டவள் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போவாள். ஆனால் வாயைத் திறந்தால் "சிரிங்க" என்பாள். ஃபோனில் பேசும்போது சிரிங்க, பில் போடும்போது சிரிங்க, கூட்டிப் பெருக்கும்போதும் சிரிங்க. அவள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'சிரிங்க மேடம்' என்று பெயர் வைத்தது மருந்து கொடுக்கும் அம்மாள். அதைக் கேட்டுத்தான் இந்த மூன்று மாதத்தில் எல்லோரும் ஒழுங்காகச் சிரித்தார்கள்.

ஊழியர்கள் ஒவ்வொருவரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு நிமிட வீடியோ வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. சொந்தக் கதை கொஞ்சம், பொழுதுபோக்கு கொஞ்சம், விலங்குப் பாசம் நிறைய. மேலிடம் பார்த்துத் தலையசைத்தால் புது ஒப்பந்தம். மருந்து அம்மாள் ஒரே டேக்கில் முடித்துவிட்டாள். வீட்டில் பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவள், காமிரா முன்னால் விலங்குகள் தன் உயிர் என்று சொல்லிக் கண்கலங்கினாள்.

பிடியக்காவின் வேலை, பெயரே சொல்வதுபோல், பிடிப்பது. டாக்டர் ஊசி போடும்போது, காயத்தைத் தைக்கும்போது, காதுக்குள் குழாயை விடும்போது, அந்த ஜீவன் திமிறாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய நாய் என்றால் இடது கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தன் தோளோடு அணைத்து, வலது கையை வயிற்றுக்குக் கீழே விடுவாள். பூனை என்றால் துண்டில் சுருட்டித் தலையை மட்டும் வெளியே விடுவாள். இறுக்கினால் திமிறும், தளர்த்தினால் பாயும். இரண்டுக்கும் நடுவே ஓர் அழுத்தம் இருக்கிறது. அது அவளுடைய முன்கைகளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் இங்கே கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். வந்த இரண்டாவது வாரம் கன்றுக்குட்டி அளவுள்ள ஒரு நாய், அப்போது பிடித்துக்கொண்டிருந்த ஆளின் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. ஆள் அலறிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டான். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் நாயைப் பிடித்தாள். டாக்டர் ஏழு தையல் போட்டு முடிக்கும்வரை விடவில்லை. அன்றிலிருந்து துடைப்பம் வேறு ஆளுக்குப் போனது.

ஒரு விஷயம் மட்டும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் புரியாத புதிர். அவள் எந்த மிருகத்தையும் கொஞ்ச மாட்டாள். தடவ மாட்டாள், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், 'ஒண்ணுமில்லடா கண்ணா' என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பிடிப்பாள், முடிந்ததும் விடுவாள். "கல்லு. இது மனுஷியே இல்ல, கல்லு" என்று மருந்து அம்மாள் பலமுறை சொல்லியிருக்கிறாள். பிடியக்கா மறுத்ததில்லை. விளக்கியதும் இல்லை.

நேற்று சாயங்காலம் இதே தாளை வீட்டில் வைத்துப் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் மகள் தாளை வாங்கி மடமடவென்று படித்துவிட்டு, "இதுல என்னம்மா பிரச்சினை உனக்கு? ஒரு நிமிஷம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சொல்லிட்டு வந்துடு" என்றாள்.

"பொய்யாச்சேடி."

"எது பொய்? தாத்தா நகராட்சியில வேலை பாத்தாரா இல்லையா?"

"பாத்தார்."

"அப்புறம்? எந்த வேலைன்னு அவங்க கேக்கலையே. நீயா ஏன் சொல்லப் போற?"

முழங்கால் போய் நாலு மாதமாக வீட்டோடு கிடக்கும் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "விலங்குன்னா உயிருன்னு தைரியமா சொல்லுடி. என்னையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கோ, பொய்யே இல்லாம போயிடும்."

மகள் சிரித்தாள். பிடியக்காவும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு மகள், கொஞ்சம் தணிந்த குரலில், "அம்மா, உன் சம்பளம் ஒண்ணுதாம்மா இப்ப" என்றாள். அந்த ஒரு வாக்கியம் ராத்திரி முழுக்க அவள் விலா எலும்பில் குத்திக்கொண்டே இருந்தது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஆறு வரியையும் சொல்லிப் பார்த்தாள். தடங்கலில்லாமல் நாக்கு புரண்டது. சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். இந்த நிமிடம்வரை அதுதான் முடிவு.

"அக்கா, ரெடியா? வாங்க வாங்க." மேனேஜர் தலையை நீட்டினாள். கையில் இளநீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை. "மேல இதைப் போட்டுக்குங்க."

"வேர்க்குமே மேடம்."

"அஞ்சு நிமிஷம்தான். உங்க கையில..." மேனேஜர் தயங்கினாள். "அந்த வடு எல்லாம் காமிராவில தெரிய வேண்டாமேன்னு பாத்தேன். பாக்கிற கஸ்டமர் பயந்துடுவாங்க இல்ல?"

பிடியக்கா தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பல்லும் நகமும் எழுதியவை. சில வெள்ளை, சில கறுப்பு. சட்டையைப் போட்டுக்கொண்டாள். வேலை முக்கியம்.

பெரிய டாக்டர் உட்காரும் அறையைத்தான் படப்பிடிப்புக்கு ஒழித்திருந்தார்கள். இரண்டு விளக்கு, குடை மாதிரி ஒரு வெள்ளைத் துணி, காமிராவுக்குப் பின்னால் காதில் பென்சில் செருகிய ஒரு காமிராக்காரர். நடுவில் நாற்காலி. உட்கார்ந்தாள். காமிராக்காரர் அவள் காலரில் சின்ன மைக்கைச் செருகினார். மேனேஜர் வெளியே ஓடிப்போய், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

நாய்க்குட்டி. பிறந்து இரண்டு மாதம் இருக்கும். பஞ்சு உருண்டைக்கு மூக்கு வைத்ததுபோல் இருந்தது. மடியில் இறங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றி, அவள் கட்டைவிரலை மோந்து, வாலை ஆட்டியது.

"யாரோடது?" என்றாள் பிடியக்கா.

"வெளிய ஒரு பஸ் டிரைவர் உக்காந்திருக்காரே, அவரோடது. சும்மா ரெண்டு நிமிஷம் கடன் வாங்கியிருக்கேன்."

"எதுக்கு வந்திருக்கு?"

"தடுப்பூசிக்கு. பதினொன்றரைக்கு. உங்க கேஸ்தான் அக்கா, நீங்கதான் பிடிக்கணும்." மேனேஜர் உற்சாகமாகக் கைதட்டினாள். "நல்லதாப் போச்சு, அதுக்கும் உங்களைப் பழகிடும். இப்ப அதைக் கொஞ்சிக்கிட்டே பேசணும் சரியா? தலையத் தடவுங்க, 'வாடா தங்கம்' சொல்லுங்க, உச்சியில ஒரு முத்தம். அப்புறம் ஆறு வரி. சிரிங்க!"

காமிராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

பிடியக்கா குட்டியைப் பார்த்தாள். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, தலையை ஒரு பக்கம் சாய்த்து, என்ன சொல்லப்போகிறாய் என்பதுபோல். உலகத்தில் அதுவரை யாரும் அதற்குக் கெடுதல் செய்யவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. இருபது நிமிடம் கழித்து இதே கைகள்தான் அதை எஃகு மேசையில் அமுக்கப்போகின்றன. அவள் கை எழுந்தது. குட்டியின் தலைவரை போனது. அங்கேயே நின்றுவிட்டது. மகளுடைய குரல் விலாவில் ஒருமுறை குத்தியது. அதைத் தாண்டி, எங்கேயோ அடியில், வேறொரு குரல். ஒன்பது வயதுக் குரல். அவளுடையதே.

குட்டியைத் தூக்கினாள். குனிந்து தரையில் விட்டாள். முழுக்கைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டாள்.

"வணக்கம்" என்றாள். தாளில் இருந்தது அதோடு சரி.

"எங்கப்பா நகராட்சி ஊழியர்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நாய் வண்டியில வேலை. தெரு நாயைப் பிடிக்கிறவர். ஊர்ல எல்லாருக்கும் தெரியும், பாக்கிற உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாமாம். வலை, கம்பி எல்லாம் வண்டியில இருக்கும், ஆனா எங்கப்பா அதைத் தொடவே மாட்டார். அவருக்குக் குரல் போதும். தெருமுனையில குத்தவெச்சு உக்காந்து, 'வாடா ராஜா, வாடா செல்லம்'னு கூப்பிடுவார். அப்படி ஒரு குரல். கடிக்கிற நாய்கூட வாலை ஆட்டிக்கிட்டு வரும். பிஸ்கட்டைக் குடுத்துத் தலையத் தடவிக்கிட்டே தூக்கி வண்டிக்குள்ள போட்டுடுவார். அந்தக் காலத்துல வண்டியில ஏறின நாய் திரும்பி வராது."

"அக்கா..." என்றாள் மேனேஜர். காமிராக்காரர் காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுல எங்களை அவர் ஒரு நாள்கூடக் கொஞ்சினது கிடையாது. கண்ணேன்னு கூப்பிட்டதில்ல. எங்கம்மா கேப்பாங்க, தெரு நாய்க்குக் குடுக்கிற குரலைப் பெத்த பொண்ணுக்குக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்கன்னு. பதிலே சொல்ல மாட்டார். கெட்ட மனுஷன் இல்ல. அந்தச் சம்பளத்துலதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

"எங்க தெருவுல செவலையா ஒண்ணு இருந்துச்சு. ஒரு காது மடிஞ்சிருக்கும். எங்கப்பா குரலுக்கு அது மட்டும் மசியல. தூரத்துல நின்னு பாக்கும், வராது. மூணு மாசம் டிமிக்கி குடுத்துச்சு. நான் சோறு வைப்பேன், அதனால என்கிட்ட மட்டும் வரும். ஒரு நாள் அப்பா சொன்னார், நீ கூப்பிடுன்னு. மேலதிகாரி வந்து நிக்கிறார், வண்டியும் நிக்குது. எனக்கு ஒம்போது வயசு. கூப்பிட்டேன்."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் மேனேஜருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வந்துச்சு. ஓடி வந்துச்சு. அவ்வளவுதான் என் விலங்குப் பாசம். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் எந்த ஜீவனையும் நான் கொஞ்சிக் கூப்பிட்டதில்ல. இங்க வர்றதுக்கு வலிக்கத்தான் போகுது. வலிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். பிடிப்பேன், சீக்கிரம் முடியிற மாதிரி பிடிப்பேன், விட்டுடுவேன். இது ஒரு சீமைப்பூனை." வலது மணிக்கட்டைக் காமிராவுக்குக் காட்டினாள். "இது ஒரு குரங்கு. இந்தப் பெரிசு, கண் தெரியாத ஒரு கிழட்டு நாய், அதுல என்மேல தப்பு இல்ல, அதுமேலயும் இல்ல. பத்தொம்போது வருஷத்துல ஒண்ணையும் கீழ போட்டதில்ல. அப்புறம் என்ன, பொழுதுபோக்கா? புத்தகம் படிச்சா எனக்குத் தூக்கம் வரும். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ப் பசங்க ஃபுட்பால் ஆடுறதைப் பார்ப்பேன். கத்துவேன்."

காமிராக்காரர் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். "எந்த டீமுக்குக்கா?"

"எது தோக்குதோ அதுக்கு."

சிவப்புப் புள்ளி அணைந்தது. குட்டி மேசைக் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா," மேனேஜர் நாற்காலி அருகே வந்து குந்தினாள். சிரிப்பு போயிருந்தது. சிரிக்காதபோது அந்த முகம் இன்னும் சின்னதாக இருந்தது. "இதை நான் எப்படி அக்கா அனுப்புவேன்? நாய் பிடிக்கிறவர் பொண்ணுகிட்ட யார் நாயைக் கொண்டுவந்து விடுவாங்க? இருக்கிறவங்களும் ஓடிடுவாங்க. ஒரே ஒரு டேக். வேற எதுவும் வேண்டாம், குட்டியை வெச்சுக்கிட்டு 'உங்கள் செல்லம் இனி என் செல்லம்', அந்த ஒரு வரி மட்டும். மீதியை நான் பாத்துக்கறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியுது மேடம்."

"அப்போ?"

"அனுப்புறதா இருந்தா வெட்டாம அனுப்புங்க. வெட்டித்தான் அனுப்பணும்னா அனுப்பவே வேண்டாம்."

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெரிய டாக்டர். எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை. விற்ற பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார், சொந்த அறைக் கதவையே தட்டிவிட்டு நுழைகிறார்.

"சொல்லிட்டுப் போயேம்மா" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல். "ஒரு வரிதானே. நான் மட்டும் மனசொப்பியா கையெழுத்துப் போட்டேன்?"

"நீங்க போட்டுட்டீங்க டாக்டர்" என்றாள் பிடியக்கா. அதில் குத்தல் இல்லை. அதனாலேயே அவருக்கு அதிகம் குத்தியிருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"பதினொன்றரை ஆச்சு" என்றார். "ஊசி எடுத்து வைக்கிறேன்."

பிடியக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு சிகிச்சை அறைக்குப் போனபோது பஸ் டிரைவர் மேசைக்கு அருகில் ஆஜராகியிருந்தார். ஆறடி உயரம், காக்கிச் சட்டை, குட்டியைவிட அதிகமாக அவர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார். "வலிக்குமா? நான் தலைமாட்டுல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேனே, பயப்படாம இருக்கும்."

"வெளிய நில்லுங்க அண்ணே. கூப்பிடாதீங்க."

"ஏங்க?"

"ஊசி குத்தும்போது உங்க குரல் அது காதுல விழக்கூடாது. வீட்டுக்குப் போய் நீங்க கூப்பிடணும் இல்ல? அப்ப அது வரணும் இல்ல?"

டிரைவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் வெளியே அனுப்பப்பட்ட பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவள் குட்டியை மேசையில் வைத்தாள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை இடுப்பில். குட்டியின் இதயம் அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. அவள் மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். மேனேஜர் கதவருகே வந்து நின்றாள், கையில் ஃபோன். "மேலிடத்துல கேக்குறாங்க அக்கா. உங்க வீடியோ மட்டும்தான் பாக்கி. பன்னிரண்டு மணிக்குள்ள அனுப்பணும். கடைசியா கேக்குறேன், எடுப்போமா, வேண்டாமா?"

பிடிக்கும்போது அவள் பேசுவதில்லை. டாக்டரின் கை இறங்கியது. குட்டி ஒரே ஒரு முறை கீச்சென்றது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் குட்டியைத் தரையில் விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் டிரைவரின் குரல் கேட்டதுதான் தாமதம், வழுக்கும் தரையில் நாலு காலும் நாலு திசைக்குப் போக, மேனேஜரின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. பிடியக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அனுப்புறது உங்க கையில மேடம்" என்றாள், மேசையைத் துடைத்துக்கொண்டே. "என் கையில இருக்கிறதை நான் காட்டிட்டேன்."

மேனேஜர் ஃபோனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி ஃபோனைப் பார்த்தாள். கட்டைவிரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது.

அப்போதுதான் கூடத்தில் சத்தம். அடுத்த கேஸ். நல்ல உயரமான கறுப்பு நாய், பின்னங்காலில் கட்டு. சிகிச்சை அறை வாசல்படிவரை வந்துவிட்டு, நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. சொந்தக்காரப் பெண் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். கழுத்துப்பட்டை காதுவரை ஏறியதே தவிர நாய் ஓர் அங்குலம் நகரவில்லை. மேனேஜர் பழக்கதோஷத்தில் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வாடா செல்லம், வா வா, உள்ள வா" என்றாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. டாக்டர் மேசைக்குப் பின்னால் காத்திருந்தார்.

"சங்கிலியை விடுங்கம்மா" என்றாள் பிடியக்கா.

"விட்டா ஓடிடுங்க!"

"ஓடாது. விடுங்க."

அந்தப் பெண் விட்டாள். சங்கிலி தரையில் சலசலத்து விழுந்தது. பிடியக்கா வாசலுக்கு வந்தாள். நாயைத் தொடவில்லை. கூப்பிடவில்லை. அதற்குப் பக்கத்தில், அது பார்த்துக்கொண்டிருந்த திசையையே பார்த்தபடி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே வெளிச்சத்தில் எஃகு மேசை பளபளத்தது. நாய் அதை முறைத்துக்கொண்டிருந்தது. அவளும் முறைத்தாள். மேனேஜர் ஃபோனோடு நிற்க, டாக்டர் ஊசியோடு நிற்க, வாசல்படியில் நாயும் அவளும், இருவரும் அசையாமல் இருந்தார்கள்.